பார்த்துக்கொள்ளுதல்

இந்த வருஷம் ஜனவரியில், காணும் பொங்கல் அன்று காலை ஏழே காலுக்கு என் போனில் ஒரு நோட்டிஃபிகேஷன் வந்தது. பாட்டி வீட்டு ஹாலில் இருக்கும் கேமராவில் அசைவு. திறந்து பார்த்தால் திரை முழுக்கக் காவி நிறம், நூல்நூலாக. லென்ஸில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்த பிறகுதான் புரிந்தது, அது தாத்தாவின் பழைய துண்டு. பாட்டி கேமராவுக்குத் துண்டு போர்த்திவிட்டாள்.

போன் பண்ணினேன்.

"பாட்டி, கேமராவை ஏன் மூடி வெச்சிருக்கே?"

"பண்டிகை நாளுமா அது வேலை பாக்கணும்? அதுக்கும் லீவு குடு."

சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகுதான் சிரித்திருக்கக் கூடாது என்று தோன்றியது. அந்தக் கேமராவை வாங்கச் சொன்னது நியூ ஜெர்ஸியில் இருக்கும் அத்தை. பணம் அனுப்பியதும் அவள்தான். ஆனால் வாங்கி வந்து, டிவிக்குப் பக்கத்து ஷெல்ஃபில் கோணம் பார்த்து வைத்து, வைஃபை போட்டு, அத்தை போனிலும் என் போனிலும் ஆப் வேலை செய்ய வைத்தது நான். பாட்டியிடம் யாரும் கேட்கவில்லை. "உன்னைப் பாத்துக்கறதுக்குத்தான்" என்று சொன்னோம். அவ்வளவுதான்.

தமிழில் இந்தச் சொல் ஒரு வினோதம். பார்ப்பது வேறு, பார்த்துக்கொள்வது வேறு. ஆனால் இரண்டாவதுக்குள் முதலாவது உட்கார்ந்திருக்கிறது. "அம்மாவைப் பாத்துக்கோ" என்று அத்தை ஒவ்வொரு தடவையும் விமான நிலையத்தில் சொல்லிவிட்டுப் போவாள். பத்து வருஷம் முன்பு அதற்கு அர்த்தம், வாரம் ஒரு நடை போய்விட்டு வா, மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று கேள், கரண்ட் பில் கட்டு. இப்போது அதன் அர்த்தம் நேரடியாகவே ஆகிவிட்டது. பார், பார்த்துக்கொண்டே இரு. காணும் பொங்கல் அன்றைக்கே பாட்டி துண்டு போட்டது தற்செயலா என்று அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்டாலும் நேரான பதில் வராது.

காணும் பொங்கல் எதைக் காண்பதற்கு? மெரினாவுக்குப் போகும் லட்சக்கணக்கான பேரைக் கேட்டால் கடல் என்பார்கள். அன்றைக்குக் கடலில் யாரும் இறங்கக் கூடாது என்று போலீஸ் தடுப்பு போட்டிருக்கும். ஆக, கண்ணால் மட்டும் கண்டுவிட்டு வரலாம். ஆனால் பண்டிகையின் பழைய உள்ளடக்கம் மனிதர்களைக் காண்பது. குறிப்பாகப் பெரியவர்களை. தை மூன்றாம் நாள் உறவுக்காரர் வீடுகளுக்குப் போய், மூத்தவர்களின் காலில் விழுந்து, ஆசீர்வாதமும் கையில் பத்தோ நூறோ வாங்கிக்கொண்டு வருவது. அபிராமபுரத்தில் எங்கள் பாட்டி இருக்கும் தெருவில் அன்றைக்குக் காலை ஆட்டோக்களும் கார்களும் வந்து நிற்பதைப் பார்க்கலாம். பட்டுப்பாவாடைக் குழந்தைகள் இறங்குவார்கள். முக்கால் மணி நேரத்தில் திரும்ப ஏறுவார்கள். அப்புறம் அடுத்த பெரியவர். இங்கே நிறைய வீடுகளில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார். இரண்டு பெட்ரூம், ஒரு பூஜை அலமாரி, ஒரு ஆள். அன்று ஒரு நாள் மட்டும் வாசலில் செருப்பு நிறைந்திருக்கும்.

சீனாவிலும் இப்படி ஒரு பருவ விழா உண்டு. சோங்யாங். சீனச் சந்திர நாட்காட்டியின் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள். 2025-ல் அது அக்டோபர் 29-ல் வந்தது. ஓரிலக்க ஒற்றைப்படை எண்களிலேயே பெரியது ஒன்பது, யாங் சக்தியின் எண். அது இரட்டிப்பாகும் நாள் என்பதால் கொஞ்சம் ஆபத்தான நாளும்கூட. அதனால் அன்றைக்கு மலை ஏற வேண்டும், கிரிசாந்திமம் பூ ஊறிய மது குடிக்க வேண்டும். இதற்கு ஒரு கதை சொல்வார்கள். ஹுவான் ஜிங் என்பவனிடம் அவன் குரு, "ஒன்பதாம் நாள் உன் வீட்டுக்குப் பெரிய கேடு வரும், குடும்பத்தோடு மலை மேல் ஏறிவிடு" என்கிறார். ஏறுகிறார்கள். சாயங்காலம் இறங்கி வந்து பார்த்தால் வீட்டில் கோழி, நாய், ஆடு, மாடு எல்லாம் செத்துக் கிடக்கின்றன. மனிதர்களுக்குப் பதிலாக அவை போய்விட்டன. அந்த வீட்டில் மலை ஏற முடியாத கிழவி ஒருத்தி இருந்தாளா என்று கதை சொல்வதில்லை. எனக்கு முதலில் தோன்றியது அந்தக் கேள்விதான்.

இந்த விழா எப்படி முதியவர்களுக்கானதாக ஆனது? மொழியால். சீனத்தில் ஒன்பதுக்கும் 'நெடுங்காலம்' என்ற சொல்லுக்கும் ஒரே ஒலி. ஒன்பது ஒன்பது என்றால் நீடூழி நீடூழி. அந்த ஒலியைப் பிடித்துக்கொண்டு, 1989-ல் சீன அரசு இந்த நாளை முதியோருக்கான நாளாக அறிவித்தது. பிறகு 2012 டிசம்பரில் முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். அது 2013 ஜூலை 1-ல் அமலுக்கு வந்தது. ஒன்பதாம் நாள் முதியோர் நாள் என்பது இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. அதே சட்டத்தில் இன்னொரு வரியும் உண்டு. பெற்றோரைப் பிரிந்து வாழும் பிள்ளைகள் அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும், அல்லது நலம் விசாரிக்க வேண்டும். சட்டம் அமலான அன்றைக்கே ஊஷி நகர நீதிமன்றம் 77 வயது அம்மா ஒருவரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது: மகள் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது வந்து பார்க்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு நிறையப் பேர் கிண்டல் பண்ணினார்கள். கோர்ட் உத்தரவின் பேரில் வந்து நிற்கும் மகளைப் பார்த்து அந்த அம்மா என்ன பேசியிருப்பாள்? நானும் சிரித்தவள்தான். இப்போது அவ்வளவு சிரிப்பு வரவில்லை. சட்டத்தில் அந்த வரியை எழுதியவர்கள் ஒன்றைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். சோறும் மருந்தும் மட்டும் போதாது, ஒரு ஆள் நேரில் வர வேண்டும் என்பதை.

நம்முடைய 2007-ஆம் வருஷத்துச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம். அதில் பராமரிப்பு என்றால் உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம். பிள்ளைகள் தராவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவு போடலாம். கைவிட்டுவிட்டுப் போனால் மூன்று மாதம் சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். வந்து பார்க்க வேண்டும் என்று அதில் இல்லை. இந்தச் சட்டத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு வேளைச் சோற்றுக்குப் பிள்ளை வீட்டு வாசலில் நிற்கும் ஒருவருக்கு அது உயிர். சொந்த ஃபிளாட்டில், பென்ஷன் வரும் ஒரு பாட்டியை வைத்துக்கொண்டு நான் பேசும் பேச்சு வேறு தட்டில் நடக்கிறது. அது தெரிந்தேதான் எழுதுகிறேன். ஆனால் அந்த நாலு சொற்களையும் கன்ஃபூசியஸிடம் காட்டினால் அவர் திருப்தியாகியிருக்க மாட்டார். 'பெற்றோருக்குச் சோறு போடுவதையே பக்தி என்று இப்போது சொல்லிக்கொள்கிறார்கள், நாய்க்கும் குதிரைக்கும்கூடத்தான் தீனி போடுகிறோம், மரியாதை இல்லாவிட்டால் என்ன வித்தியாசம்' என்ற அர்த்தத்தில் அவர் ஒரு மாணவனிடம் பேசியதாக இருக்கிறது. அதற்கு அடுத்ததாகவே இன்னொரு பதிலும் வரும். கஷ்டமான விஷயம் வேலை செய்து கொடுப்பது அல்ல, முகம் என்பார். முகத்தை எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பது.

எனக்கு அந்த 'முகம்' என்ற சொல் புரிந்தது புத்தகத்தில் இல்லை.

கேமரா வைத்து இரண்டு மாதம் இருக்கும். ஆபீசில் ஏதோ ஒரு மீட்டிங். என் முறை வரவில்லை. சும்மா ஆப்பைத் திறந்தேன். பாட்டி ஹாலில் உட்கார்ந்து மைசூர்பாகு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். யாரோ கிரகப்பிரவேசத்துக்குக் கொடுத்தது. பாட்டிக்குச் சர்க்கரை இருக்கிறது. ஒன்று முடிந்தது. இரண்டாவதை எடுத்தாள். வெளியே வந்து போன் பண்ணினேன்.

"பாட்டி, அதை டப்பாவுல வை."

போனைக் காதில் வைத்துக்கொண்டே பாட்டி முதலில் வாசல் கதவைப் பார்த்தாள். அப்புறம் ஜன்னல். நான் எங்கேயோ பக்கத்தில் இருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள் போல. கடைசியில்தான் கேமரா ஞாபகம் வந்தது. நேராக அதைப் பார்த்தாள். அந்த முகத்தை எப்படிச் சொல்வது? கோபம் இல்லை. பள்ளிக்கூடத்தில் காப்பியடித்து மாட்டிக்கொண்ட பெண்ணின் முகம். 81 வயசில், தன் வீட்டில், தன் சோஃபாவில். கையில் பாதி கடித்த மைசூர்பாகு. அன்றைக்குப் பிறகு பாட்டி ஹாலில் உட்கார்ந்து எதுவுமே சாப்பிடவில்லை. சமையலறைக்குள் நின்றுகொண்டே சாப்பிட ஆரம்பித்தாள். அங்கே கேமரா கிடையாது.

நான் அன்பாகத்தான் செய்தேன். அவளுக்குச் சர்க்கரை ஏறக் கூடாது என்பதில் எனக்கு எந்தப் பாசாங்கும் இல்லை. சிக்கலே அங்கேதான். 1797-ல் கான்ட் எழுதிய ஒழுக்கவியல் நூலில் ஒரு இடம் வரும். பொதுவாக அவரைப் படிப்பது மலச்சிக்கல் மாதிரி இருக்கும், ஆனால் இந்த இடம் தெளிவு. மனிதர்களுக்கு நடுவில் இரண்டு விசைகள் இருக்கின்றன என்கிறார். அன்பு நம்மை நெருங்கச் சொல்கிறது. மரியாதை நம்மைத் தள்ளி நிற்கச் சொல்கிறது. இரண்டும் வேண்டும், ஒன்று போனாலும் அந்த உலகம் குலைந்துவிடும். நம் ஊரில் இந்த இரண்டையும் ஒரே பொருளாக நினைத்து வளர்ந்துவிட்டோம். 'அன்பும் மரியாதையும்' என்று ஒரே மூச்சில் கடிதம் முடிப்போம். ஆனால் பாட்டி விஷயத்தில் இரண்டும் எதிரெதிராக இழுத்தன. அன்பு அந்த இனிப்பைப் பிடுங்கச் சொன்னது. மரியாதை, அது உன் வாய் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்குள் அந்தக் குரலே இல்லை.

எங்கள் வீட்டில் மரியாதை கிடையாது என்று யாரும் சொல்ல முடியாது. பாட்டி வந்தால் எழுந்து நிற்போம். அவள் சாப்பிடாமல் நாங்கள் சாப்பிட மாட்டோம். எந்த நல்ல காரியத்துக்கும் முதல் நமஸ்காரம் அவளுக்கு. ஆனால் அவளிடம் ஆசீர்வாதம் கேட்போமே தவிர அபிப்பிராயம் கேட்க மாட்டோம். சீமோன் த பொவ்வார் முதுமையைப் பற்றி 1970-ல் எழுதிய பெரிய புத்தகத்தில் இதைக் கவனித்திருக்கிறார். வயதானவர்களிடம் சமூகம் ஞானியாக, சாந்தமாக இருக்கச் சொல்கிறது. மற்றவர்களுக்கு இருக்கும் அதே ஆசை, அதே பிடிவாதம் அவர்களுக்கும் இருந்தால் கேலி பண்ணுகிறது. தமிழில் இதற்கு இரண்டு சொல் இருக்கிறது, பாருங்கள். காலில் விழும்போது 'பெரியவர்'. ஏதாவது வேண்டும் என்று அவர் அடம்பிடித்தால் 'பெருசு'. குறளில் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்று ஒரு அதிகாரம் இருக்கிறது, அதில் பெரியார் என்றால் வயதில் பெரியவர் என்று அர்த்தம் இல்லை, அறிவில் பெரியவர். அவரிடம் ஆலோசனை கேட்கத்தான் போவார்கள். நாம் சொல்லை வைத்துக்கொண்டோம், கேட்பதை விட்டுவிட்டோம்.

சீனாவில் இந்த மரியாதையின் கோர முகத்தைக் காட்டியவர் லூ சுன். யுவான் காலத்தில் தொகுத்த இருபத்துநாலு பிதுர்பக்திக் கதைகள் என்று ஒன்று உண்டு, நூற்றாண்டுகளாகக் குழந்தைகளுக்கு அதைப் படமாகப் போட்டுக் கொடுத்தார்கள். அதில் குவோ ஜூ என்ற ஏழை, அம்மாவுக்குச் சாப்பாடு போதவில்லை என்று தன் சின்னக் குழந்தையைப் புதைக்கக் குழி தோண்டுவான். தோண்டும்போது தங்கம் கிடைத்துவிடும், சுபம். 1926-ல் லூ சுன் எழுதிய கட்டுரையில், சின்ன வயசில் இதைப் படித்த பிறகு தன் அப்பா பிதுர்பக்தராக ஆகிவிடக் கூடாதே என்று பயந்ததாகச் சொல்கிறார். நம் பக்கத்திலும் வேறு விதமான பயங்கரம் இருந்தது. விருதுநகர், மதுரைப் பக்கக் கிராமங்களின் தலைக்கூத்தல் பற்றி 2010 வாக்கில் செய்திகள் வந்தபோது நகரத்தில் எல்லாரும் அதிர்ந்தோம். படுத்த படுக்கையான பெரியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, உயிரை முடித்துவைப்பது. எனக்கு அதில் மறக்க முடியாதது அந்த எண்ணெய்க் குளியல். நம் ஊரில் அதைவிடப் பாசமான காரியம் வேறு என்ன இருக்கிறது? அதைச் செய்தவர்களில் பலர், அவர் கஷ்டப்படக் கூடாது என்றுதான் செய்தோம் என்பார்கள். வறுமை அங்கே பேசுகிறது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் 'அவருக்கு எது நல்லது என்று எங்களுக்குத் தெரியும்' என்ற வாக்கியமும் அங்கே இருக்கிறது. என் கேமராவையும் அதையும் ஒன்றாக வைக்கவில்லை. வாக்கியம் மட்டும் ஒன்று.

இனி துண்டுக்கு முந்தின நாளைச் சொல்ல வேண்டும். தை இரண்டு, கணு. எங்கள் பக்கத்து வீடுகளில் அன்று விடிகாலையில், பொங்கல் பானையில் கட்டியிருந்த பசுமஞ்சளை எடுத்து, வீட்டுப் பெரிய சுமங்கலிகள் இளையவர்களின் நெற்றியில் கீறி வாழ்த்துவார்கள். தாத்தா இருந்தவரைக்கும் அது பாட்டியின் வேலை. காய்ந்த கையால் மஞ்சளை அழுத்தித் தேய்ப்பாள், நெற்றி எரியும். ஆறு வருஷமாக அவள் அதைச் செய்வதில்லை. அவள் உள்ளே இருப்பாள், கீழ் வீட்டு மாமி வந்து எங்களுக்கு மஞ்சள் கீறுவாள். மாமிக்கு 58 வயசு. பாட்டியைவிட 23 வயசு சின்னவள். ஆனால் மாமா இருக்கிறார்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வயசுக்குக் கொடுக்கும் மரியாதை என்று நாம் பெருமையாகச் சொல்வது உண்மையில் வயசுக்கு இல்லை. திருக்கடையூரை எடுத்துக்கொள்ளுங்கள். மார்க்கண்டேயனுக்காகச் சிவன் எமனை உதைத்த தலம், பாட்டியின் பேட்டைப் பெயரிலேயே இருக்கும் அபிராமியின் தலம். எந்த நாள் போனாலும் அங்கே மாலையும் கழுத்துமாக அறுபது, எழுபது, எண்பது வயசுத் தம்பதிகள். அறுபது முடிந்தால் சஷ்டியப்தபூர்த்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம். (நம்முடைய வருஷச் சுழற்சியும் அறுபது, சீனர்களுடையதும் அறுபது. பிறந்த வருஷத்தின் பெயர் திரும்பி வரும்வரை ஒரு ஆள் உயிரோடு இருப்பதை இரண்டு பேருமே கொண்டாடத் தகுந்த விஷயமாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.) தாத்தா பாட்டிக்கும் அங்கே அறுபதாம் கல்யாணம் நடந்தது. கணக்கு தாத்தாவின் வயசு. அவர் 78-ல் போனார். இன்னும் இரண்டு வருஷம் இருந்திருந்தால் சதாபிஷேகம்.

சதாபிஷேகம் ஆயிரம் பிறை கண்டவருக்கு. ஒரு பிறையிலிருந்து அடுத்த பிறைக்கு 29.53 நாள். ஆயிரத்தால் பெருக்கி வருஷமாக்கினால் 80 வருஷமும் பத்து மாதமும் வரும். போன வருஷம் ஒரு நாள் ஆபீசில் உட்கார்ந்து பாட்டிக்குக் கணக்குப் போட்டேன். அவள் ஆயிரத்தைத் தாண்டி இரண்டு மாதம் ஆகியிருந்தது. யாருக்கும் தெரியவில்லை. அத்தனை நிலாவையும் அவள் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள், ஆனால் எங்கள் வீட்டு வழக்கத்தில் அவள் கண் கணக்கில் வராது.

ஆகவே இந்தக் கணுவுக்கு நான் ஒரு முடிவோடு போனேன். குளித்துவிட்டு, பானையிலிருந்து மஞ்சளை நானே அவிழ்த்து, பாட்டி முன்னால் போய் நின்றேன்.

"நீதான் இந்த வருஷம் கீறணும்."

"மாமி வருவா."

"மாமி வேண்டாம். எனக்கு நீ வேணும். இந்தச் சுமங்கலி கணக்கெல்லாம் நான் நம்பறதில்லை."

"நீ நம்பலை. நான் நம்பறேனே."

அப்புறம் நான் பேசினேன். நிறையப் பேசினேன். விதவைகளை ஒதுக்குவது எவ்வளவு அநியாயம், அவளுக்கே எவ்வளவு வலித்திருக்கும், யாரோ ஒருவர் நிறுத்தினால்தானே நிற்கும். எல்லாம் சரியான விஷயங்கள். பாட்டி பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "உனக்கு நல்லது பண்ணணும்னு தோணறது, சரி. அதுக்கு என் கையை ஏண்டி கேக்கறே?" என்றாள். மாமி வந்தாள். மஞ்சள் கீறிக்கொண்டேன். பாட்டி சமையலறைக் கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு முழுக்க எனக்குக் கோபம். அநியாயமான ஒரு வழக்கம், அது அவளையே தண்டிக்கிறது, அவளே அதைக் காவல் காக்கிறாள். இப்படிப்பட்ட 'வேண்டாம்'-ஐயும் மதிக்க வேண்டுமா? எண்பது வருஷமாக வேறு எதையும் வேண்டு என்று சொல்லித் தராத ஒருத்தியின் விருப்பத்தை, அவள் சொந்த விருப்பம் என்று எடுத்துக்கொள்ளலாமா? இது சின்னக் கேள்வி இல்லை. உலகம் முழுக்கப் பெண்களுக்காகப் பேசியவர்கள் இதில் முட்டியிருக்கிறார்கள். அவள் விருப்பத்தை மதிக்கிறேன் என்று எல்லாரும் ஒதுங்கினால் வழக்கம் அப்படியே இருக்கும். வழக்கத்தை உடைக்கிறேன் என்று அவளைத் தள்ளினால், அவளை மீறி அவளை விடுதலை செய்கிறோம்.

என்னிடம் முழு பதில் இல்லை. ஆனால் அன்றைக்கு நான் செய்தது என்ன என்று மட்டும் மெதுவாகப் புரிந்தது. அடுத்த நாள் காலை துண்டைப் பார்த்தபோது புரிந்தது என்று சொன்னால் நேர்த்தியாக இருக்கும், ஆனால் பொய். அதற்குச் சில மாதங்கள் ஆனது. மைசூர்பாகை வைக்கச் சொன்ன குரலும் மஞ்சளைக் கீறச் சொன்ன குரலும் ஒரே குரல். ஒன்று பழைய மாதிரி, ஒன்று முற்போக்கு. இரண்டிலும் பாட்டிக்கு எது நல்லது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்த வழக்கத்தோடு எனக்குச் சண்டை இருந்தால், மாமியின் மஞ்சளை நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அது என் நெற்றி. அதை நான் செய்யவில்லை, மாமி வருத்தப்படுவாளே என்று. என் நெற்றியில் தைரியம் இல்லாமல் பாட்டியின் கையில் புரட்சி பண்ணப் பார்த்தேன்.

காணும் பொங்கலுக்குத் திரும்பினால், துண்டைப் பற்றி வீட்டு வாட்ஸப் குரூப்பில் பெரிய ரகளை. அத்தைக்கு அங்கே இரவு. "விழுந்து கிடந்தா யாருக்குத் தெரியும்?" என்று எழுதினாள். நியாயம்தான். கேமரா வந்ததே அதற்கு முந்தின ஆவணியில் பாட்டி பாத்ரூமில் வழுக்கி விழுந்து, ஒரு மணி நேரம் யாரும் வராமல் கிடந்த பிறகு. எலும்பு முறியவில்லை, அதிர்ஷ்டம். அந்த ஒரு மணி நேரம் அத்தையின் தலைக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எட்டாயிரம் மைலுக்கு அப்பால் அது எப்படி ஓடும் என்று நான் கற்பனை பண்ணிப் பார்க்கிறேன், அவளைக் குறை சொல்ல வாய் வரவில்லை. துண்டுக்குப் பதிலாக ஜிபிஎஸ் வாட்ச் கட்டலாம் என்றாள் அத்தை. அதே நாளில் மெரினாவில் போலீஸ்காரர்கள் சின்னக் குழந்தைகளின் கையில் அப்பா அம்மா போன் நம்பர் எழுதிய பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். டிவியில் காட்டினார்கள். வயசானா குழந்தை மாதிரி என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். இல்லை. குழந்தையைக் கண்காணிப்பது, என்றைக்காவது அது தனியாக வெளியே போக வேண்டும் என்பதற்காக. பாட்டியைக் கண்காணிப்பது அவள் இனிமேல் போகக் கூடாது என்பதற்காக.

அவளோ போகிறவள். மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில்தான் காய்கறி வாங்குவாள், தெருவுக்கே வண்டி வந்தாலும். மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்டிருக்கிற லஸ் பக்கம் போகாதே என்று அப்பா சொல்லிப் பார்த்தார். 2016-ல் சென்னை மாநகரப் பேருந்துகளில் அறுபது தாண்டியவர்களுக்கு மாதம் பத்து இலவச டோக்கன் கொடுக்க ஆரம்பித்தார்கள். தாத்தாவும் பாட்டியும் வரிசையில் நின்று வாங்கி வந்து, ரப்பர் பேண்ட் போட்டு வைத்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. எங்களிடம் காரும் டிரைவரும் கேட்டால் கிடைக்கும், ஆனால் கேட்க வேண்டும். டோக்கனுக்கு யாரையும் கேட்க வேண்டாம். 2021-லிருந்து சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கே டிக்கெட் கிடையாது. பாட்டி இப்போது டோக்கனும் இல்லாமல் ஏறுகிறாள். கண்டக்டர் நீட்டும் பைசா இல்லாத டிக்கெட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொள்கிறாள். அந்தக் கண்டக்டருக்கு அவள் மேல் அன்பெல்லாம் ஒன்றும் இல்லை. "உள்ள போம்மா, உள்ள போ" என்று கத்துவார். எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்று மட்டும் கேட்க மாட்டார். கான்ட் சொன்ன அந்தத் தள்ளி நிற்கும் விசையை நான் முதன்முதலில் தெளிவாகப் பார்த்தது அந்தப் பஸ்ஸில்தான்.

ஊஷி நகரத்து அம்மாவை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். மகள் உத்தரவுப்படி வந்திருப்பாள். ஆனால் வந்தால், உட்கார்ந்திருக்கும் அந்த அரை மணி நேரம் அம்மாவும் அவளைப் பார்ப்பாள். இளைத்திருக்கிறாளா, புருஷனோடு சண்டையா, இந்த உடை இவளுக்கு ஏன். அதாவது, உடையும் சேர்த்து எடைபோடுவாள். நேரில் போய்ப் பார்ப்பதில் இருக்கும் பெரிய தொந்தரவு இது, நாமும் பார்க்கப்படுவோம். கேமராவில் அது கிடையாது. காலில் விழும்போதும் கிடையாது, நம் முகம் தரையில் இருக்கும்.

காணும் பொங்கல் அன்று பதினோரு மணிக்குப் போனேன். நமஸ்காரம் பண்ணினேன், நூறு ரூபாய் கொடுத்தாள். துண்டு கேமரா மேலேயே இருந்தது. நான் எடுக்கவில்லை. "கண்ணு கீழே கறுத்துக் கிடக்கே, தூங்கறியா இல்லையா?" என்றாள். வேலையை விட்டுவிடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தது வீட்டில் யாருக்கும் தெரியாது. அன்றைக்கு அவளிடம் சொன்னேன். வழக்கம்போல ஆறுதல் வரும் என்று எதிர்பார்த்தேன். "விடாதே. உங்கப்பாவுக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் சர்வீஸ்" என்று கறாராகச் சொன்னாள். நாங்கள் அரை மணி நேரம் சண்டை போட்டோம். நான் அவளிடம் சண்டை போட்டே பல வருஷம் ஆகியிருந்தது.

கேமரா விஷயம் இப்போது இப்படி இருக்கிறது. பிப்ரவரியில் பாட்டியிடம் முதன்முதலாகக் கேட்டேன், இது வேண்டுமா வேண்டாமா என்று. வேண்டாம் என்றாள். விழுந்தால்? "விழுந்தா விழறேன். நீங்க பாத்துண்டிருந்தா விழமாட்டேனா?" பாத்ரூமில் கைப்பிடி போடச் சம்மதித்தாள், வழுக்காத மேட்டுக்கும். கழுத்தில் மாட்டும் பட்டனுக்குச் சம்மதிக்கவில்லை. தினமும் காலையில் பால் வந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பதாக அவளே சொன்னாள். ஏழு மணிக்குள் வராவிட்டால் நான் கீழ் வீட்டு மாமிக்குப் போன் பண்ணுவேன். இரண்டு தடவை மறந்துவிட்டாள், மாமி மேலே ஓடினாள், பாட்டி பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். ராத்திரி பத்து மணிக்கு அவள் விழுந்தால் அடுத்த நாள் காலைவரை யாருக்கும் தெரியாது. இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அத்தை என்னோடு மூன்று வாரம் பேசவில்லை. "அம்மாவுக்கு ஏதாவது ஆனா நீதான் பொறுப்பு" என்று ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தாள். அந்த வரி என் போனில் இருக்கிறது. சில ராத்திரிகளில் அது என்னை எழுப்பும்.

மார்கழிக் கச்சேரி சீசனுக்கு அத்தை வருகிறாள். கேமரா அட்டைப் பெட்டிக்குள், தாத்தாவின் மேஜை டிராயரில் இருக்கிறது. போன வாரம் பாட்டியே அதை எடுத்துத் தூசி தட்டி வெளியே வைத்திருந்தாள்.

"எதுக்கு இதை எடுத்தே?"

"அவ வரச்சே ஷெல்ஃபுல இருக்கட்டும். ஒயரை மட்டும் சொருகிடாதே. பாவம், அவ்வளவு தூரத்துலேர்ந்து வரா."